இறால் ஓட்டிலிருந்து மருந்துக் கூடு: சிட்டோசன் நானோ துகள் பற்றி ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஆத்தூர்க்காரர். தங்கை பி.ஃபார்ம் கடைசி வருடம் படிக்கிறாள். மஞ்சளில் இருக்கும் குர்குமினைச் சிட்டோசன் நானோ துகளுக்குள் அடைப்பது அவளுடைய புராஜெக்ட். இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொருள் என்கிறாள். இது நிஜமாகவே மருந்தாகுமா, மார்க்குக்காகச் செய்வதா? அப்பாவுக்குச் சர்க்கரை, இதை வைத்து இன்சுலின் மாத்திரை வரப்போகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம், நம்பலாமா? அப்புறம், அம்மாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பொடியை வீட்டில் வைத்திருக்கலாமா?

நான் சேலத்தில் பார்மசூட்டிக்ஸ் பாடம் நடத்துகிறவன். வருடத்துக்கு ஒரு குழுவாவது இதே தலைப்போடு என் மேஜை முன்னால் வந்து நிற்கும். காரணம் பெரிய ரகசியம் இல்லை. இந்தத் துகளைச் செய்ய, காந்தத்தால் கரைசலைக் கலக்குகிற ஒரு மேக்னடிக் ஸ்டிரரும் ஒரு மதியப் பொழுதும் போதும். மற்ற நானோ மருந்துகளுக்கு வேண்டிய அழுத்தக் கருவியோ, குளோரோஃபார்ம் மாதிரியான கரைப்பானோ இதற்கு வேண்டாம். அதனால்தான் ஆய்வுக் கட்டுரைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. மருந்துக் கடை அலமாரியில் மட்டும் இன்னும் ஆளைக் காணோம். உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சேலத்துக்காரருக்கு இதைச் சொல்ல ஜவ்வரிசியிலிருந்து தொடங்குவது வசதி. குச்சிக்கிழங்கு மாவு என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. பருத்தி நூலில் இருக்கும் செல்லுலோஸும் அதே மணிகள்தான், கோத்த விதம் வேறு. அந்தச் செல்லுலோஸில் மணிக்கு ஓரிடத்தில் இருக்கும் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு, நைட்ரஜன் உள்ள ஒரு சிறு தொகுதியை வைத்தால் அது கைட்டின். இப்படிச் சர்க்கரை மணிகளைக் கோத்த சங்கிலிகளைப் பாலிசாக்கரைடு என்போம். செல்லுலோஸுக்கு அடுத்தபடியாக இயற்கையில் அதிகம் கிடைக்கும் பாலிசாக்கரைடு இதுதான். இறால், நண்டு ஓட்டில் மட்டும் இல்லை. வண்டின் முதுகில் இருக்கிறது, பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவில் இருக்கிறது, சேர்வராயன் மலையில் மழை விட்ட மறுநாள் முளைக்கிற காளானிலும் இருக்கிறது. 1811-ல் பிராக்கோனோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதலில் கண்டதே காளானில்தான். கடல் பின்னால் வந்த கதை.

கைட்டின் தண்ணீரிலும் கரையாது, நீர்த்த அமிலத்திலும் கரையாது. அதை 40, 50 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சூடாக்கினால் அந்தச் சிறு தொகுதியிலிருந்து அசிட்டைல் என்ற பகுதி கழன்று, நைட்ரஜன் உள்ள அமீன் வெளியே தெரியும். அப்படிக் கழன்றதுதான் சிட்டோசன். 1859-ல் ரூஜே இதைச் செய்து பார்த்தார். 1894-ல் ஹோப்பே-சைலர் பெயர் வைத்தார். ஆங்கில உச்சரிப்புப்படி ‘கைட்டோசன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் சிட்டோசன் என்றே பழகிவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். வைவாவில் வெளியூர் எக்ஸாமினர் ‘கைட்டோசன்’ என்றால் உங்கள் தங்கை விழிக்க வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

சேலத்தில் கடல் கிடையாது. நமக்கு மேட்டூர் அணை மீன்தான். சிட்டோசனுக்கான ஓடு ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறது. நம் நாட்டில் இதற்கான செய்முறையை உருவாக்கியதில் கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைக்கும். புரதத்தை நீர்த்த காரம் எடுத்துவிடும். மிஞ்சுவது கைட்டின். அம்மாவைப் பற்றிய கேள்விக்கு வரும்போது இந்தப் புரதம் எடுக்கும் படி முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த அமீனை எதற்கு இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 6.5-க்குக் கீழே போனால் அது ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின்சுமை பெறும். இயற்கையில் கிடைக்கும் பாலிசாக்கரைடுகள் பெரும்பாலும் மின்சுமை இல்லாதவை, அல்லது எதிர்மின்சுமை உள்ளவை. நேர்மின்சுமையோடு தாராளமாகக் கிடைப்பது இது ஒன்றுதான். நம் உடம்பிலோ மூக்கு, குடல், கண்ணின் மேல் படிந்திருக்கும் சளி எதிர்மின்சுமை, செல்லின் வெளிச்சவ்வு எதிர்மின்சுமை, டி.என்.ஏ. எதிர்மின்சுமை. ஆகவே சிட்டோசன் போன இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சிட்டோசனைப் பற்றி எந்த நல்லதைக் கேட்டாலும், எந்தக் கெட்டதைக் கேட்டாலும், இந்த ஒட்டும் குணத்தில்தான் போய் முடியும்.

துகள் செய்வதும் இதே குணத்தால்தான். ஜவ்வரிசி மில்லில் ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கித்தான் உருட்டுவார்கள். இங்கே யாரும் உருட்ட வேண்டியதில்லை. ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் சிட்டோசனைக் கரைத்து, பிஎச்சை 5 பக்கம் கொண்டுவந்து, ஸ்டிரரில் சுழலவிட்டு, சோடியம் டிரைபாலிபாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதை ஆய்வகத்தில் டிபிபி என்போம். டிபிபி எதிர்மின்சுமை உள்ளது. ஒரு டிபிபி பல சிட்டோசன் இழைகளைப் பிடித்து இழுக்க, இழைகள் சுருண்டு உருண்டையாகிவிடும். மருந்து முன்பே கலந்திருந்தால் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். 1997-ல் ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பல்கலைக்கழகத்தில் மரியா ஹோசே அலோன்சோ குழு வெளியிட்ட முறை இது. இன்றைக்கு உலகம் முழுக்க மாணவர்கள் செய்வது அதன் சிறு சிறு மாற்றங்கள்தான்.

சரியாக வந்ததா என்பதைக் கண்ணே சொல்லும். தெளிவாக இருந்த கரைசலில் மெல்லிய நீலச் சாயலோடு ஒரு மங்கல் வரும். ஏற்காட்டில் காலைப் பனி இறங்கும்போது மரங்களுக்கு நடுவே தெரியும் நிறம் அது. லேசர் பாயிண்டரைக் காட்டினால் ஒளிக்கோடு உள்ளே தெரியும். சாதாரணமாக 100 முதல் 400 நானோமீட்டர் வரை கிடைக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிபிபி கொஞ்சம் அதிகமானால் நீலம் போய்ப் பால் மாதிரி வெளுக்கும். இன்னும் விட்டால் திரிந்த பால் மாதிரி அடியில் தங்கிவிடும்.

இங்கே சேலத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவுக்கு மூன்று வாரம் துகளே வரவில்லை. சிட்டோசன் சரி, பிஎச் சரி, ஆனாலும் ஒரு நாள் நீலம் வரும், மறுநாள் வெறும் தண்ணீர். கடைசியில் பார்த்தால், டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்த நாட்களில் பிள்ளைகள் போர்வெல் தண்ணீரில் டிபிபியைக் கரைத்திருக்கிறார்கள். மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டி எடுக்கிற ஊர் இது, தண்ணீரின் உப்பைக் கேட்கவே வேண்டாம். டிபிபியோ சோப்புத்தூளில் கடின நீரை மென்மையாக்கப் போடுகிற சாமான். தண்ணீரில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் அதை முதலிலேயே பிடித்துக்கொண்டன. சிட்டோசனுக்கு மிச்சம் இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளைத் திட்டினேன். பின்னால் யோசித்தால், புத்தகத்தில் நான்கு பக்கம் படிப்பதை விட அயனிப் பிணைப்பு அவர்களுக்கு அன்றுதான் நன்றாகப் புரிந்தது.

இனி கடினமான பகுதி. ஆய்வகக் குடுவையில் பிஎச் 5. இரத்தத்தில் 7.4. அங்கே போனதும் அமீன் புரோட்டானை விட்டுவிடும், மின்சுமை குறையும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச நேர்மின்சுமையும் இரத்தப் புரதங்களையும் சிவப்பணுக்களையும் இழுத்துப் பிடிக்கும். ஊசி வழியாக இரத்தத்தில் விட இது ஆகாத குணம். ஆனால் காயத்தில் வைத்தால்? அதே குணம் உயிரைக் காப்பாற்றும். சிவப்பணுக்களைப் பிடித்துக் கட்டியாக்கி இரத்தத்தை நிறுத்தும் சிட்டோசன் பட்டைகளை அமெரிக்க ராணுவம் ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களில் பயன்படுத்தியது. நம் நாட்டிலும் ஆக்ஸியோஸ்டாட் என்ற பெயரில் அப்படி ஒன்று தயாராகிறது. சிட்டோசன் மருத்துவத்தில் உண்மையாக ஜெயித்த இடம் இது. இதில் நானோ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நானோ மருந்துகள் என்று பார்த்தால், புற்றுநோய்க்கு 1995-ல் டாக்சில் வந்தது, 2005-ல் அப்ராக்ஸேன் வந்தது, கொரோனா காலத்தில் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் வந்தன. முதலாவதன் கூடு லிப்பிடு என்ற கொழுப்பு, இரண்டாவது அல்புமின் என்ற புரதம், மூன்றாவது மறுபடி லிப்பிடு. சிட்டோசன் இந்த வரிசையில் இல்லை. 1999-லேயே நேச்சர் மெடிசின் இதழில், சிட்டோசனோடு டி.என்.ஏ.வைக் கோத்து எலிகளுக்கு வாய்வழி கொடுத்து வேர்க்கடலை ஒவ்வாமையைக் குறைத்த ஆய்வு வந்தது. எல்லோரும் பரபரத்தோம். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

தடையாக நிற்பது பிஎச் மட்டும் இல்லை. சிட்டோசன் என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். எத்தனை சதவீதம் அசிட்டைல் கழன்றது, சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு பொருள். மாம்பழத்தில் மல்கோவாவும் உண்டு, குண்டும் உண்டு என்பது மாதிரி. ஓடு எந்தக் கடலிலிருந்து வந்தது, எந்தப் பருவத்தில் பிடித்தது, காரத்தில் எத்தனை மணி நேரம் கொதித்தது என்பதெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு மூட்டையும் கொஞ்சம் மாறும். மூட்டை மாறினால் துகளின் அளவு மாறும். பிறகு கிருமி நீக்கம் ஒரு தலைவலி. அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்தால் துகள்கள் கட்டியாகின்றன. 220 நானோமீட்டர் துளை உள்ள வடிகட்டியில் விட்டால் பெரிய துகள்கள் மேலேயே தங்கிவிடுகின்றன. ஒரு மாணவி 50 மில்லி குடுவையில் செய்வதற்கும், ஒரு தொழிற்சாலை ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக அதையே செய்வதற்கும் உள்ள தூரம், அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்கு நடந்தே போகிற தூரம். இருபது கொண்டை ஊசி வளைவும் சேர்த்து.

அப்படியானால் எங்கே பிழைக்கும்? இரத்தத்துக்குள் போகாமல், ஒட்டிக்கொண்டிருப்பதே வேலையாக உள்ள இடங்களில். மூக்கு நல்ல இடம். அங்கே மருந்து சாதாரணமாகக் கால் மணி நேரத்தில் தொண்டைக்கு இறங்கிவிடும். சிட்டோசன் சளியில் ஒட்டிக்கொள்வதோடு, செல்களுக்கு இடையே இருக்கும் இறுக்கமான இணைப்பையும் கொஞ்ச நேரம் தளர்த்திவிடும். கண், பல் ஈறு, ஆறாத புண், பெண்களுக்கு வரும் யோனித் தொற்று ஆகிய இடங்களுக்கும் இதே நியாயம். கடைசியாகச் சொன்ன இடத்தில் இயல்பாகவே பிஎச் 4 பக்கம் இருப்பதால் சிட்டோசனுக்கு அது சொந்த வீடு மாதிரி. இதைத் தலைப்பாக எடுக்க மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். என் கருத்தில் அது வீண் கூச்சம்.

இப்போது குர்குமின். உங்கள் தங்கை இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்கட்டும், வைவாவில் பாதிப் பேர் விழுகிற இடம் இது.

குர்குமின் தண்ணீரில் கரையாது. எத்தனாலில் கரைத்துச் சிட்டோசன் கரைசலில் ஊற்றுவார்கள். ஊற்றிய நிமிடமே ஒரு பகுதி துகளுக்குள் போகும். ஒரு பகுதி தனியாகப் படிகமாகி வெளியே மிதக்கும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவார்கள். துகளும் அடியில் தங்கும், படிகமும் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை 425 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்தால் குர்குமின் அநேகமாக இருக்காது. உடனே ‘95 சதவீதம் உள்ளே போய்விட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. சிட்டோசனே இல்லாமல், வெறும் அசிட்டிக் அமிலத்தில் அதே அளவு குர்குமினை ஊற்றி, அதே வேகத்தில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் மேல்நீர் தெளிவாகத்தான் இருக்கும். அந்த ஒப்பீடு இல்லாத ரெக்கார்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அடுத்த பள்ளம் ரிலீஸ் ஆய்வு. நுண்துளைகள் உள்ள டயாலிசிஸ் பையில் துகளைக் கட்டி, பிஎச் 7.4-ல் நிலைத்திருக்கும் பஃபர் கரைசலில் தொங்கவிட்டு, எவ்வளவு வெளியே வருகிறது என்று 48 மணி நேரம் அளப்பார்கள். ஆனால் ஏறக்குறைய அதே பிஎச் உள்ள பஃபரில் குர்குமின் 37 டிகிரியில் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும் என்பது 1997-லேயே அளந்து எழுதப்பட்ட விஷயம். வெளியே வருவது சிதைகிறது, உள்ளே இருப்பது கரைய மறுக்கிறது, வரைபடத்தில் மட்டும் அழகான மெதுவான கோடு. அதற்குப் பெயர் ‘சஸ்டெயின்டு ரிலீஸ்’, அதாவது நிதானமாக வெளியேறுகிறதாம்! பஃபரில் குர்குமின் கரைய உதவும் ட்வீன் 80 கொஞ்சம் சேர்க்க வேண்டும், சிதைவைத் தடுக்க அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கலாம். இன்னொரு பையில் வெறும் குர்குமினையும் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் துகள் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். அதையும் தைரியமாக எழுதலாம். நான் மார்க் குறைக்க மாட்டேன்.

குர்குமின் பற்றிப் பொதுவாகவும் ஒரு வார்த்தை. நம் ஊர் மஞ்சள் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் 2017-ல் வேதியியலாளர்கள் சிலர் சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளி, மருத்துவர் இரு பக்கமும் மறைத்து நடத்திய எந்த மருத்துவச் சோதனையிலும் குர்குமின் தெளிவாக வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அது பல சோதனைகளில் பொய்யான நல்ல முடிவைக் காட்டும் மூலக்கூறு என்றும் சொன்னார்கள். செய்முறை கற்றுக்கொள்ளக் குர்குமின் நல்ல மாதிரிப் பொருள்: மலிவு, நிறம் கண்ணுக்குத் தெரியும். புற்றுநோயைத் தீர்க்கும் என்று முன்னுரையில் எழுதாமல் இருந்தால் சரி.

அப்பாவின் இன்சுலினுக்கு வருகிறேன். இன்சுலின் 51 அமினோ அமிலம் கோத்த புரதம். வயிற்றில் பெப்சின் என்ற செரிமான நொதி அதை வெட்டிப்போடும். சிட்டோசன் கூட்டுக்குள் வைத்தால் தப்பிக்குமே என்று தோன்றும். ஆனால் இரைப்பையின் கடும் அமிலத்தில் டிபிபியும் தன் எதிர்மின்சுமையின் பெரும்பகுதியை இழந்துவிடும், பிடி தளரும், கூடு கரைந்து பிரியும். மேலே இரைப்பையில் கரையாத என்டெரிக் பூச்சுக் கொடுத்துக் குடல் வரை கொண்டுபோனாலும் அங்கே பிஎச் உயர்ந்து சிட்டோசனின் மின்சுமை போகிறது. ஒட்டிய துகளும் சில மணி நேரத்தில் பழைய சளியோடு வழித்துக்கொண்டு போய்விடும், ஏனென்றால் குடல் தன் சளியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எலிகளில் சர்க்கரை குறைந்ததாகக் காட்டிய கட்டுரைகள் ஏராளம். மனிதருக்கு மாத்திரையாக எதுவும் வரவில்லை.

வேறொரு மருந்தோடு ஒப்பிட்டால் சிக்கல் இன்னும் விளங்கும். செமாக்ளூடைடு என்ற சர்க்கரை மருந்து 2019-ல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது. அது சிட்டோசன் இல்லை, வேறொரு உறிஞ்சல் உதவிப் பொருளோடு வருகிறது. அதிலும் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது ஒரு சதவீதம் அளவுதான். ஊசியில் வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் போதும் என்றால், மாத்திரையில் தினமும் 14 மில்லிகிராம் வரை விழுங்க வேண்டியிருக்கிறது. செமாக்ளூடைடு உடம்பில் ஒரு வாரம் தங்கும் மருந்து, இன்று கொஞ்சம் கூட ஏறினாலும் நாளை குறைந்தாலும் சராசரியில் சரியாகிவிடும். இன்சுலினில் அந்த விளையாட்டு நடக்காது. இன்று ஒரு சதவீதமும் நாளை மூன்று சதவீதமும் ஏறினால் நாளை மதியம் அப்பா மயங்கி விழுவார். ஆகவே ஊசியை விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஜவ்வரிசியைக் குறைக்கச் சொல்லி ஏற்கெனவே டாக்டர் சொல்லியிருப்பார், அதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

அம்மாவின் விஷயம். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம். அது சதையில் இருப்பது, கைட்டினில் அல்ல. ஓட்டோடு ஒட்டிவரும் மிச்சத்தையும் நான் முன்பு சொன்ன கார வேலை பெரும்பாலும் எடுத்துவிடும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களிடம் சிட்டோசன் காயப்பட்டையை வைத்துப் பார்த்தபோது எதிர்வினை வரவில்லை என்று ஆய்வும் உண்டு. இருந்தாலும் அது மருத்துவத் தரப் பட்டை. தங்கை வாங்கும் பொடியின் தரம் கடைக்குக் கடை மாறும், பொடி பறந்து மூச்சில் போகவும் கூடும். வீட்டுக்குக் கொண்டுவர அவசியமே இல்லை, ஆய்வகத்திலேயே இருக்கட்டும். உடல் எடை குறைக்கும் என்று சிட்டோசன் கேப்சூல் விற்கிறார்களே, அதை அம்மா வாங்க வேண்டாம். ஒவ்வாமை ஒரு பக்கம் இருக்க, அதற்கு எடை குறைப்பில் சொல்லிக்கொள்ளும்படி பலனே தெரியவில்லை. தங்கைக்கு மனது கேட்காவிட்டால் காளான் வகையிலிருந்து எடுத்த சிட்டோசனும் விற்கிறது, விலைதான் கூட.

கடைசியாகச் செய்முறைக்கு இரண்டு குறிப்பு, அவளிடம் சொல்லிவிடுங்கள். சிட்டோசன் ஈரத்தை உறிஞ்சும், மழை நாளில் திறந்து வைத்த பொட்டலத்தில் பத்து சதவீதம் தண்ணீர்கூட இருக்கும். எடை போடும் முன் உலர்த்திவிட வேண்டும். டிபிபி கரைசலை அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும், டிஸ்டில்டு வாட்டரில்.